ஜீப்ரா மீன்: இரண்டு வாங்கினால் சண்டை, பத்து வாங்கினால் கூட்டம்

நான் முதலில் வாங்கியது இரண்டே இரண்டு ஜீப்ரா மீன். பழகிப் பார்ப்போம் என்ற எண்ணம்தான். மூன்றாம் நாள் ஒன்று ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. மற்றது அதைத் தலைகாட்டவே விடவில்லை, எட்டிப் பார்த்தால் துரத்தியது. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன். நோய் எதுவும் இல்லை. துரத்துவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு நான்கு நான்காக இரண்டு தடவை, இன்னும் எட்டு மீன் விட்டேன். துரத்தல் இன்றைக்கும் நிற்கவில்லை. ஆனால் பத்துப் பேருக்குப் பங்கு பிரிந்துவிட்டதால் யாருக்கும் வலிப்பதில்லை. எனவே ஆறுக்குக் குறைந்து வாங்காதீர்கள்; எட்டு, பத்து என்றால் நல்லது. ஜீப்ராவைச் சாகடிப்பது கஷ்டம் என்பார்கள். உண்மைதான், ஆனால் சாகாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் வேறு வேறு.

மீன் நாலைந்து சென்டிமீட்டர்தான், அதற்காகக் குட்டித் தொட்டி போதும் என்று எண்ண வேண்டாம். நாள் முழுக்க ஓடுகிற ஜாதி இது. உயரத்தைவிட நீளம் முக்கியம். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பத்து மீனுக்குச் சரியாக இருக்கும். செடிகளைப் பின்பக்கமும் ஓரங்களிலும் வைத்து, நடுவை மீன் ஓடுவதற்குக் காலியாக விடுங்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூடி கட்டாயம். ஃபில்டர் வயருக்காக மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தேன். ஒரு நாள் காலையில் எண்ணினால் ஒன்பது. பத்தாவது, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே காய்ந்து கிடந்தது. இப்போது அந்த மூலையில் ஸ்பாஞ்சு அடைத்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி வருவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஃபில்டரில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்து குறையும். இந்தக் குடியேற்றத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட். இரண்டும் ஏறி இறங்கி பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் ஐந்தாறு மீனை விடலாம். வெறும் தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது சலிப்புதான். வீட்டில் கேலியும் கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம் வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து போடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும். ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீராக இருந்தால் அது அப்படிப் போகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாமல், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதமாக வளர்த்த பாக்டீரியா சாக்கடைக்குப் போய்விடும்.

வெப்பநிலை 20 முதல் 26 டிகிரிக்குள் இருந்தால் ஹீட்டர் வேண்டாம். தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. கிட்டப் போனாலே மேலே வந்து வாயைப் பிளக்கும், அதை நம்பாதீர்கள். தின்று முடித்த அடுத்த நிமிடமும் அப்படித்தான் பிளக்கும். நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர் மீனோடு சேர்க்க வேண்டாம், துடுப்பைக் கடித்துவிடும்.

பெண் மீன் வயிறு பருத்து வெள்ளியாக இருக்கும். ஆண் ஒல்லி, கோடுகளுக்கு நடுவே பொன்னிறம் தூக்கலாக இருக்கும். விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்திலேயே முட்டையிடும், இட்ட கையோடு தானே தின்றும்விடும். அதனால் ஒரு சின்னத் தொட்டியில் அடியில் கோலிக்குண்டு பரப்பி, முந்தின நாள் மாலை ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் விட்டேன். முட்டைகள் இடுக்கில் விழுந்துவிட்டன. காலையில் பெரியவற்றை எடுத்துவிட்டு ஒரு முட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓடு, கரு எல்லாமே கண்ணாடி மாதிரி. மறுநாள் உள்ளே இதயம் துடிப்பதே தெரிந்தது. உயிரியல் விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1970களில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இந்த மீனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு இந்தக் கண்ணாடி உடம்பும் ஒரு காரணம்.

இரண்டு மூன்று நாளில் பொரிந்தன. சில நாள் கண்ணாடியில் ஊசி முனை போல ஒட்டிக்கிடந்துவிட்டு நீந்த ஆரம்பித்தன. அந்தச் சின்ன வாய்க்கு நுண்ணுயிர்த் தீனிதான் கொடுக்க வேண்டும். நான் தாமதித்ததில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்போது பெரிய தொட்டியில் பன்னிரண்டு ஓடுகின்றன. அதில் மூன்று இங்கேயே பிறந்தவை. எவை என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது.