குமண: ஆற்றோரக் காட்டைப் பார்க்கச் செல்வோருக்கு

அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், கும்புக்கன் ஆற்றை எல்லையாகக் கொண்டு கடல்வரை விரிந்திருக்கும் குமண தேசியப் பூங்காவுக்குச் செல்பவர்களில் பலர், சிறுத்தையைத் தேடி ஓடுவதிலேயே நாளைக் கழித்துவிடுகிறார்கள். சிறுத்தை கண்ணில் படலாம், படாமலும் போகலாம். ஆனால் குமண வில் எனப்படும் ஆழமற்ற நீர்நிலையையும் அதற்கு நீரூட்டும் ஆற்றையும் நிதானமாகப் பார்ப்பவர் ஏமாந்து திரும்புவதில்லை என்பதால், பயணத்தை அவற்றை வைத்தே திட்டமிடுங்கள்.

நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதை மே, ஜூன் மாதங்களில் நன்றாகக் காணலாம். மாரி மழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை பாதைகள் சேறாகிவிடும்.

மட்டக்களப்பிலிருந்து வருபவர்கள் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாக முதல்நாளே பொத்துவிலை அடைந்து, அங்கோ அறுகம்பையிலோ தங்கி, நாலுசில்லும் இழுக்கும் ஜீப் ஒன்றை அன்று மாலையே பேசி வைக்க வேண்டும். மறுநாள் விடியுமுன் பாணமை ஊடாகப் புறப்பட்டால், காலை 6 மணிக்குத் திறக்கும்போது பூங்கா வாயில் இருக்கும் உகந்தையில் இருக்கலாம். உள்ளே கடைகள் இல்லையாதலால் குடிநீரையும் சோற்றுப் பார்சலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். பொலித்தீன் பை ஒன்றைக்கூட விட்டுவராதீர்கள்.

வில்லை அடைந்ததும் ஜீப்பின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரமாவது பேசாமல் இருங்கள். மஞ்சள் மூக்கு நாரை, அலகைச் சற்றே திறந்து நீருக்குள் அமிழ்த்தி, ஒரு காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே மெல்ல நடக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் அது மூடிக்கொள்வதைப் பார்க்கக் கண்ணிமைக்காத பொறுமை வேண்டும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமுமாக வீசி நீரை அளையும். நத்தைகுத்தி நாரையோ இரு அலகுகளுக்கும் நடுவே இடைவெளி தெரிய நத்தை தேடும். ஒரே நீரில் மூன்றும் மூன்று விதமாக இரை தேடுவதை உணர்ந்தபின், தொலைநோக்கியைக் கீழே வைக்க மனம் வராது. கூடுகள் இருக்கும் மரங்களை மாத்திரம் நெருங்க வேண்டாம், தாய்ப்பறவை எழுந்து பறந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும்.

பூங்காவுக்குள் விரும்பிய இடத்தில் இறங்கி நடக்க அனுமதியில்லை. வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டுமே இறங்கலாம். மருத மரங்கள் நிழல் தரும் ஆற்றங்கரை எவ்வளவு அழைத்தாலும், அது முதலைகள் வாழும் ஆறு என்பதை மறவாதீர்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கப்படும் நாட்களில் அடியார்கள் இவ்வழியே நடந்து செல்வார்கள். அது நேர்த்திக்காக நடப்பவர்களின் வழி, உல்லாசப் பயணத்துக்குரியதல்ல. நடக்க ஆசைப்படுவோர் உகந்தை முருகன் ஆலயத்தைத் தரிசித்து, வள்ளியம்மன் கோயில் இருக்கும் மலைமீதேறிச் சுனைகளைப் பார்த்து, கடற்கரைக்கு இறங்கலாம். காலை வெயில் ஏறுமுன் அது மிக இதமான நடை.

இருட்டுமுன் பாணமையைத் தாண்டிவிடுமாறு புறப்படுங்கள். அந்த வீதியில் யானை குறுக்கிட்டால் ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தை அதன் முகத்தில் பாய்ச்சாமல், தூரத்திலேயே நிறுத்தி, அது தானாகக் காட்டுக்குள் இறங்கும்வரை காத்திருங்கள்.