கொழுந்து வாட்டும் மாடியில் டேக் எங்கே? யூ.டபிள்யூ.பி. பூட்டும் முறை

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் எங்கும் இரும்பும் தகரமும்தான். ஆள் சுமக்கும் டேக் (இடங்காட்டும் சிறு கருவி) எங்கே என்று அறிய உள்ளே ஜி.பி.எஸ். எடுபடாது. புளூடூத் சிக்னலின் பலத்தை வைத்துத் தூரம் கணித்தால் மீட்டர் கணக்கில் பிசகும். யூ.டபிள்யூ.பி. (அல்ட்ரா வைட்பேண்ட், மிக அகன்ற அலைவரிசை ரேடியோ) அளப்பது பலத்தை அல்ல, சிக்னல் போய்வரும் நேரத்தை. இதற்கான டி.டபிள்யூ.1000 சிப்பின் நேர அலகு ஒன்று ஏறத்தாழ 4.7 மி.மீ. தூரத்துக்குச் சமம்.

வேண்டியவை: ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிச் சிப்புடன் டி.டபிள்யூ.1000 சேர்ந்த போர்டு 5 (ஓரிடத்தில் நிலையாகப் பூட்டும் ஆங்கர் நான்கு, ஒரு டேக்), 5 வோல்ட் சார்ஜர் 4, பவர் பேங்க், அளவு நாடா. ரேடியோக் கருவி என்பதால், தருவிக்கும் முன் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி விசாரியுங்கள். 2020இல் வந்த 802.15.4இசட் என்ற யூ.டபிள்யூ.பி. தரத்துக்கான டி.டபிள்யூ.3000 போர்டைக் கலக்காதீர்கள். 5ஆம் சேனலில் இரண்டையும் பேசவைக்கலாம். முதல் முயற்சிக்கு அந்த வில்லங்கம் எதற்கு?

படி 1: வெட்டவெளியில் ஒரு ஆங்கரையும் டேக்கையும் நெஞ்சுயரத்தில், 7 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். 15 நிமிடம் சூடேற விடுங்கள்; காலைக் குளிரில் உடனே எடுத்த அளவு பிறகு நகர்ந்துவிடும். 100 அளவுகளின் சராசரி 7.40 என்றால் 40 செ.மீ. கூடுதல். அந்த ஆங்கரின் ஆன்டெனா தாமதத்தை (சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே சிக்னல் எடுக்கும் நேரத்துக்கான அமைப்பு) 85 அலகு (400 மி.மீ. ÷ 4.7) கூட்டுங்கள். குறைத்துக் காட்டினால் அதே கணக்கில் குறையுங்கள். டேக்கின் மதிப்பைத் தொடாமல் நான்கு ஆங்கரையும் தனித்தனியே இப்படித் திருத்த வேண்டும்.

படி 2: ஆங்கர்களை நான்கு மூலைகளில், 2.5 மீட்டர் உயரத்தில், இரும்புத் தூணிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, மரக்கட்டையில் பூட்டுங்கள். வாட்டும் மாடி நீண்டு ஒடுங்கியது என்பதால் பிளக் இருக்கும் ஒரே சுவரில் வரிசையாக வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் டேக் சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கணக்குக்கே தெரியாது.

படி 3: உயர வித்தியாசத்தைப் பைதகரஸ் முறையில் (வர்க்கத்திலிருந்து வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து) நீக்குங்கள். டேக் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் வித்தியாசம் 1.5 மீட்டர். தரையில் 2 மீட்டர் தள்ளி நிற்கும் டேக்கை ஆங்கர் 2.5 மீட்டர் என்றே சொல்லும். தொடக்கக்காரர்களின் குழப்பத்தில் பாதி இதுதான்.

படி 4: நான்கு தூரங்களையும் குறைந்த வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும் இடத்தைத் தேடும் கணக்கு) போட்டு இடத்தைக் கணியுங்கள். மூன்றே போதும், நான்காவது, பொய் சொல்லும் ஆங்கரைக் காட்டிக்கொடுக்க.

பொய் எப்போதும் கூட்டித்தான் வரும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதுவும் மனித உடலும் நேர்வழிச் சிக்னலை விழுங்க, தகரத்தில் பட்டுச் சுற்றிவந்தது முதலில் பதிவாகும். சிப்பிலிருந்து கிடைக்கும் மொத்தப் பலத்துக்கும் முதல் வழியின் (முதலில் வந்துசேர்ந்த சிக்னலின்) பலத்துக்கும் இடையே வித்தியாசம் 6 டெசிபலுக்குள் இருந்தால் அந்த அளவை நம்பலாம். 10ஐத் தாண்டினால் தள்ளிவிடுங்கள். டேக்கை இடுப்பில் கட்டாமல் தொப்பியிலோ தோளிலோ வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.