கண்டிகோட்டா போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஆந்திராவின் கடப்பா பக்கம், பெண்ணாறு பாறையை அறுத்த பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் பழைய கோட்டைதான் கண்டிகோட்டா. அங்கே போகிறவர்களின் முதல் தவறு கடப்பா பஸ் ஸ்டாண்டிலேயே நடந்துவிடும். வெறுமனே "கண்டி" என்று கேட்டால் வேம்பள்ளி பக்கம், பாபாக்னி ஆற்றங்கரையில் இருக்கும் ஆஞ்சநேயர் கோயிலுக்குத்தான் வழி காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தெலுங்கில் கண்டி என்றாலே ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகிற இடுக்கு, அங்கேயும் ஆறு அதைத்தான் செய்கிறது. நமக்கு வேண்டியது பெண்ணாற்றங்கரைக் கண்டிகோட்டா, ஜம்மலமடுகுவிலிருந்து 15 கிலோமீட்டர். முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது, "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்ற பட்டத்தை நம்பிப் போவது. அமெரிக்காவில் இருப்பது ஒரு மைலுக்கும் மேல் ஆழம், இது சுமார் 300 அடி. அந்தக் கணக்கோடு போனால் "இவ்வளவுதானா" என்றுதான் தோன்றும். இணையத்தில் பலர் இதைக் கிரானைட் பாறை என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். விளிம்பில் நின்று எதிர்ச்சுவரைப் பாருங்கள், செங்கல் அடுக்கியதுபோல் படுக்கைவசமாக வரி வரியாகத் தெரியும். கிரானைட் அப்படி அடுக்கடுக்காகப் படியாது. மணல் படிந்து இறுகிய குவார்ட்சைட் அது, புவியியலில் அந்தப் பாறைக்கே இந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் செய்த தவறு மே மாதம், அதுவும் மத்தியானம் போய் இறங்கியது. ராயலசீமை வெயில், ஒதுங்க ஒரு மரம் கிடையாது, பாறையில் கை வைத்தால் தோசைக்கல்தான். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி தங்கி, விடியும்போது விளிம்புக்கு வாருங்கள். தடுப்புக் கம்பியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், செல்ஃபிக்காகப் பின்னால் கால் வைப்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஆனால் பெரிய தவறு என்று நான் சொல்வது, வியூ பாயிண்டில் நாலு படம் எடுத்துக்கொண்டு அப்படியே வண்டி ஏறிவிடுவது. அட, பெயரிலேயே கோட்டை இருக்கிறதே! ஆறு அறுத்த பள்ளம் ஒரு பக்கம் இயற்கை அகழியாகக் கிடக்கிறது என்பதால்தானே இங்கே கோட்டையே கட்டினார்கள். விஜயநகர காலத்தில் அந்த அரசுக்குக் கீழே இருந்த பெம்மசானி நாயக்கர்கள் கையில் இருந்தது, பிறகு கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். 1652-இல் அவரைப் பார்க்க இங்கே வந்த பிரெஞ்சு வியாபாரி தவர்னியே ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்: கோயில்களின் செப்புச் சிலைகளைத் திரட்டி உருக்கிப் பீரங்கி வார்க்கப் பார்த்தார்களாம், ஒன்றுகூட உருப்படியாக வரவில்லையாம். அதைத் தெரிந்துகொண்டு மாதவராயர் கோயிலின் வெறும் கருவறைக்கு முன்னால் நின்றால் மனசுக்குள் என்னவோ செய்யும். கொஞ்ச தூரத்திலேயே ஜாமியா மசூதி, பக்கத்தில் உயரமான தானியக் களஞ்சியம். எல்லாவற்றையும் நிதானமாக நடந்து பார்க்க அரை நாள் வேண்டும்.

மதிலுக்குள்ளேயே இன்னும் ஊர் இருக்கிறது, வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஊரில் கடைகள் குறைவு, தண்ணீரையும் சாப்பாட்டையும் ஜம்மலமடுகுவிலேயே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், இதே வட்டாரத்தில் இருக்கும் பெலும் சுண்ணாம்புக்கல் குகையையும் சேர்த்து ஒரே நாளில் பார்க்கிறவர்கள் காலையில் குகைக்குப் போய்விட்டு உச்சி வெயிலுக்குக் கோட்டைக்கு வருகிறார்கள். அதை மாற்றிப் போடுங்கள், குகைக்குள் வெயில் இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம், ஆனால் உள்ளே நல்ல புழுக்கம், ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.