பள்ளிச் செலவைப் பற்றி இளையர்கள் பேசுவது எப்படி: சிங்கப்பூருக்கான வழிகாட்டி

“பள்ளிக் கட்டணத்தைக் குறையுங்கள்” என்று சிங்கப்பூரில் யாராவது பேசத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணமே கிடையாது. பலவகைக் கட்டணம் மாதத்துக்கு அதிகபட்சம் 13 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அரசாங்க உயர்நிலைப்பள்ளியில் எல்லாம் சேர்த்து 25 வெள்ளிக்குள், தொடக்கக் கல்லூரியில் 33 வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

குடும்பத்தின் கழுத்தை நெரிப்பவை வேறு செலவுகள். இணைப்பாட நடவடிக்கைக்கு (பாடத்துக்கு வெளியே பள்ளி நடத்தும் விளையாட்டு, இசை போன்றவை) தனிச் சட்டையும் காலணியும் வாங்க வேண்டும். நாளைக்குள் கொண்டுவரச் சொல்லும் முகாம் பணம், உடைந்துபோன மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் செலவு, பயிற்சித் தாள்களை அச்செடுக்கும் செலவு, சனிக்கிழமைப் பயிற்சி நாளின் சாப்பாடு என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் மேலே துணைப்பாடம் (டியூஷன்) நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் துணைப்பாடத்துக்கு ஏறத்தாழ 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டன. 2018இல் அது 1.4 பில்லியன். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் வகுப்புக்குத் தன் பிள்ளையை அனுப்ப முடியாத தாயின் மனவேதனையை எந்தக் கட்டணப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

ஆகவே பேசுவதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எந்தச் செலவு? அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

செலவுப் புத்தகம்

வெவ்வேறு பள்ளிகளில் படிக்கும் எட்டுப் பத்துப் பேர் சேருங்கள். ஒரு பள்ளித் தவணை பத்து வாரம். அந்தப் பத்து வாரமும் ஆளுக்கொரு நோட்டில் எழுதிவாருங்கள். ஜனவரியில் தொடங்கும் முதல் தவணைதான் இதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் ஆண்டுச் செலவில் பெரும்பகுதி அப்போதுதான் வரும்.

ஒவ்வொரு செலவுக்கும் தேதி, பொருள், தொகை, யார் கேட்டார்கள், எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள், கட்டாயமா விருப்பமா, கடைசியில் யார் கட்டினார்கள் என்று ஏழு விவரம் போதும். அவகாசத்தை எழுத மறக்காதீர்கள். பலர் விடுவது அதைத்தான், ஆனால் பல நேரம் அந்த ஒரு விவரம்தான் காரியத்தைச் சாதிக்கும். 60 வெள்ளி முகாம் பணத்தை ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னால் சமாளித்துவிடும் குடும்பம், அதே பணத்தை மூன்று நாளில் கேட்டால் கடன் வாங்கும். உணவு விநியோகம் செய்யும் அப்பாவுக்கும் நாள் கணக்கில் துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் மாதக் கடைசியில் மொத்தமாகச் சம்பளம் வருவதில்லை.

நோட்டில் பெயர் எழுதவேண்டாம், ‘அ’, ‘ஆ’ என்று குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தாலும் சாப்பிட்டிருக்கக்கூடிய சாப்பாட்டைப் பள்ளிச் செலவில் சேர்க்காதீர்கள். விருப்பச் செலவைக் கட்டாயச் செலவோடு கலக்காதீர்கள். மடிக்கணினிக்கு எடுசேவ் கணக்கிலிருந்து (மாணவர் பெயரில் அரசாங்கம் பணம் போடும் கல்விக் கணக்கு) போன தொகையையும் வீட்டிலிருந்து போன தொகையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இந்த மூன்றில் ஒன்றில் சறுக்கினாலும் கேட்பவர் மொத்தக் கணக்கையும் தள்ளிவிடுவார்.

இருக்கும் உதவியை முதலில் படியுங்கள்

“பாடநூல் வாங்கக் காசில்லை” என்று நீங்கள் மேடையில் சொல்ல, “நிதி உதவித் திட்டத்தில் பாடநூல் இலவசமாயிற்றே” என்று அதிகாரி பதில் சொன்னால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கல்வி அமைச்சின் அந்தத் திட்டத்தில் பள்ளிக் கட்டணமும் நிலையான பலவகைக் கட்டணமும் தள்ளுபடி. பாடநூலும் சீருடையும் இலவசம். போக்குவரத்துக்கும் பள்ளிச் சாப்பாட்டுக்கும் உதவி உண்டு. 2026 ஜனவரி முதல் குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் அல்லது தலைக்கு 1,000 வெள்ளிக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முன்பு இந்த வரம்புகள் 3,000, 750 என்று இருந்தன.

அந்த ‘அல்லது’ பலர் கண்ணில் படுவதில்லை. தாத்தா பாட்டியோடு ஆறு பேர் உள்ள வீட்டில் மொத்த வருமானம் 5,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 4,000ஐத் தாண்டிவிட்டது என்று அந்தக் குடும்பம் விண்ணப்பமே போடாது. ஆனால் 5,400ஐ ஆறால் வகுத்தால் 900, தகுதி இருக்கிறது. கூட்டுக் குடும்பமாக வாழும் நம்மவர்களிடம் இந்தக் கணக்கைத் தமிழில் சொல்லிக் காட்டுவதே பெரிய உதவி.

தகுதி இருந்தும் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டு, விடைகளையும் புத்தகத்தில் எழுதுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத வேலை, பிரிந்து வாழும் பெற்றோரின் வருமானச் சான்று, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமை, பள்ளி அலுவலகத்தில் மற்ற பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் எல்லாம் வரும். நிரந்தரவாசிகளான பிள்ளைகளுக்கும் வரம்பை இருபது முப்பது வெள்ளி தாண்டியவர்களுக்கும் இந்தத் திட்டம் கிடையாது. பள்ளிகள் தங்கள் சொந்த நிதியிலிருந்து உதவும் வழியும் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பேசத் தகுந்த இடைவெளிகள் இவைதாம்.

கணக்கெடுக்கும்போது ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை என்று தெரிந்தால், உங்கள் முயற்சி முடியும்வரை அவர்கள் காத்திருக்கக்கூடாது. அன்றே வகுப்பாசிரியரிடமோ அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலோ சமூக சேவை அலுவலகத்திலோ சொல்லுங்கள். அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் அழைப்பு எண் 1800-222-0000. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதிக்கும் குடும்பச் சேவை நிலையம் வழியாகக் கேட்கலாம். இந்தியப் பிள்ளைகளுக்கு 1991 முதல் இயங்கிவரும் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்புகள் உண்டு.

கோரிக்கை ஒன்றே ஒன்று

சிங்கப்பூரில் அதிகாரபூர்வ வறுமைக் கோடு கிடையாது. ‘ஏழை மாணவர்களுக்கு உதவுங்கள்’ என்றால் யார் ஏழை என்ற விவாதத்திலேயே நேரம் போய்விடும். “நாற்பது வெள்ளிக்கு மேற்பட்ட எந்தப் பள்ளிச் செலவையும் முப்பது நாளுக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிவியுங்கள், இரண்டு பகுதியாகப் பிரித்துக் கட்ட அனுமதியுங்கள்” என்று கேளுங்கள். பள்ளி முதல்வர் தன் அதிகாரத்திலேயே செய்யக்கூடியது அது.

முகாம் அவகாசம், இணைப்பாடச் சட்டை, அச்செடுக்கும் வசதி எல்லாம் முதல்வரைச் சேர்ந்தவை. வருமான வரம்பும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கும் விதியும் கல்வி அமைச்சைச் சேர்ந்தவை. துணைப்பாட நிலையம் வீட்டுக்குத் தொலைவில் இருந்தால் சிண்டாவிடம் கேளுங்கள். முதல்வரிடம் போய் வருமான வரம்பைப் பேசினால் அவரும் தலையாட்டுவார், நீங்களும் திரும்பிவிடுவீர்கள்.

எங்கே, எப்போது

பள்ளிக்குள் தீரக்கூடியதைப் பள்ளிக்குள் தொடங்குங்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு மாணவர் மன்றம், பெற்றோர் ஆதரவுக் குழு, அதன்பின் முதல்வர். நேரே சமூக ஊடகத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் நிர்வாகம் தற்காப்பில் இறங்கும், கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

அமைச்சு சார்ந்தது என்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள். வழக்கமாக வாரநாள் மாலையில் நடக்கும். ஒரு குடும்பத்தின் சிக்கல் என்றால் பெற்றோர் அடையாள அட்டையோடு வரவேண்டும். பொதுக் கோரிக்கை என்றால் பதிவு செய்யும்போதே அப்படிச் சொல்லி, ஒரே பக்கத் தாளைக் கொடுங்கள். “இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்பீர்களா?” என்று நேரடியாகக் கேட்கலாம். அமைச்சரின் பதில் பதிவேட்டில் இடம்பெறும், எவரும் பிறகு எடுத்துக் காட்டலாம். உறுப்பினர் விரும்பினால் தமிழிலேயே பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு.

வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில் வரும். அதற்கு முந்திய வாரங்களில் நிதி அமைச்சும், மக்கள் கருத்தைத் திரட்டும் அரசாங்கப் பிரிவான ரீச்சும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது அனுப்புங்கள். மார்ச்சில் அனுப்பினால் அடுத்த ஆண்டுக்குத்தான். தமிழ் முரசு நாளிதழுக்கு வாசகர் கடிதம் எழுதலாம். ஒரு கடிதத்தில் ஒரு செலவு, ஒரு கோரிக்கை.

பொது இடத்தில் அட்டை பிடித்து நிற்பதைப் பற்றிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கோரிக்கைக்காக ஒருவர் தனியாக நின்றாலும் காவல்துறை அனுமதி தேவை. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிந்துகொண்டு பேசலாம், ஆனால் சமயம் பற்றியும் இனப் பகையைத் தூண்டும் விதமாகவும் பேசக்கூடாது. நிரந்தரவாசி நண்பரை அங்கே பேச அழைத்து அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். உறுதிசெய்யாத எண்களை இணையத்தில் பரப்பினால் 2019இல் வந்த பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

மூன்று நிமிடம்

முதல் நிமிடம் செலவுப் புத்தகத்தின் எண்கள், இரண்டாவது ஒரு பிள்ளையின் நிலை, மூன்றாவது கோரிக்கை. எண்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லிப் பழகுங்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பாட்டி தமிழில்தான் கேட்பார்.

எந்தப் பிள்ளையையும் மேடையில் நிறுத்தி அழவைக்காதீர்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் மறுநாள் வகுப்பில் அவன் ‘உதவி வாங்குகிற பையன்’ ஆகிவிடுவான். பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், கடைசி நேரம்வரை மனம் மாறலாம் என்று சொல்லுங்கள். புளோக் எண், பள்ளிச் சின்னம், இணைப்பாட நடவடிக்கை மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டையாவது நீக்குங்கள்.

“இது பெற்றோர் பொறுப்பல்லவா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். “பெற்றோர் கட்டுகிறார்கள், கூடுதல் அவகாசம்தான் கேட்கிறோம்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். “எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல்?” என்றால் உங்கள் நோட்டில் உள்ள எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். எல்லாருக்கும் என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

சந்திப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் அனுப்புங்கள். அவர் ஒப்புக்கொண்டதையும் சொன்ன தேதியையும் அதில் எழுதிவிடுங்கள். தேதி தாண்டினால் அந்தக் கடிதத்தையே மீண்டும் அனுப்பி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உயர்நிலை 4 மாணவர்கள் தேர்வுக்குப் பிறகு பிரிந்துபோவார்கள். செலவுப் புத்தகங்களும் கடிதப் பிரதிகளும் அவர்களோடு போய்விடாமல், தொடக்கத்திலிருந்தே உயர்நிலை 2 மாணவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும்.