"அரைவாசிப் பேர் போட்டாச்சு" என்றால் யாரில் அரைவாசி? தடுப்பூசிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

2021 ஒக்டோபர் 1ஆம் திகதி விடிய 4 மணிக்கு இலங்கையில் கொரோனாவுக்கான தனிமைப்படுத்தல் ஊரடங்கு தளர்ந்தது. அன்று காலை எங்கள் ஒழுங்கை முகப்பில் பக்கத்து வீட்டு ஐயா சைக்கிளோடு நின்றார். ஆறு கிழமைக்குப் பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் புறப்பட்டவர். என்னைக் கண்டதும், "தம்பி, நாட்டில அரைவாசிச் சனத்துக்கு மேல ரெண்டு ஊசியும் போட்டாச்சாம். இனிப் பயமில்லைத்தானே?" என்று கேட்டார். நானும் "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அதுவரை ஒரு ஊசிகூடப் போடவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாடு முழுவதற்குமான ஒரு எண்ணை அவர் தனக்குரிய எண்ணாக எடுத்துக்கொண்டார். அதைத் திருத்தத் தெரியாமல் நானும் தலையாட்டினேன். அந்த "ஓம்" எனக்கு நெடுநாள் உறுத்தியது. தடுப்பூசி வீதம், தடுப்பூசி அட்டை, கட்டுப்பாட்டுத் தளர்வு ஆகிய மூன்றையும் ஒரு சாதாரண ஆள் எப்படி வாசிப்பது என்று நான் பழகியதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். கொப்பி, பேனை, தொலைபேசியில் உள்ள கல்குலேட்டர் போதும். ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்குக்கு மேல் எதுவும் வராது.

முதலாவது படி: ஊசியை எண்ணுகிறார்களா, ஆளை எண்ணுகிறார்களா?

செய்தியில் ஒரு பெரிய எண் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். இலங்கையில் முதலாவது ஊசி போட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடி 71 லட்சம் பேர். இரண்டாவது ஊசியும் போட்டவர்கள் சுமார் 1 கோடி 47 லட்சம். மூன்றாவது, அதாவது பூஸ்டர், சுமார் 82 லட்சம். மூன்றையும் கூட்டினால் 4 கோடி ஊசிகள். நாட்டின் சனத்தொகையோ 2 கோடி 20 லட்சம் அளவில்தான். "4 கோடி தடுப்பூசி" என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் ஆளுக்கு இரண்டு ஊசிப்படி எல்லோருக்கும் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை.

கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள். முதல் ஊசி, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றையும் தனித்தனியே 2 கோடி 20 லட்சத்தால் பிரித்து நூறால் பெருக்குங்கள். 78, 67, 37 என்று வரும். முதல் ஊசிக்கு வந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மூன்றாவதுக்கு வந்தார்கள் என்பது இப்போது கண்ணுக்கு முன் நிற்கிறது. தலைப்புச் செய்தியில் அது தெரியாது.

இரண்டாவது படி: கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

இந்த விளக்கத்தில் ஒரு படியைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வைத்திருங்கள்.

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஊசி போட்டவர்கள் மேலே. கீழே யார்? முழுச் சனத்தொகையா, 18 வயதுக்கு மேற்பட்டவர்களா, 12 வயதுக்கு மேற்பட்டவர்களா? மேலே உள்ள எண் அசையாமல் இருக்க, கீழே உள்ளதை மாற்றினாலே வீதம் ஏறும், இறங்கும். டென்மார்க் 2021 செப்டெம்பர் 10ஆம் திகதி எல்லாக் கட்டுப்பாடுகளையும் எடுத்தபோது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கீழே வைத்துப் பார்த்தால் 80 சதவீதத்துக்கு மேல், முழுச் சனத்தொகையை வைத்துப் பார்த்தால் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று கணக்கு வந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரு நாட்டின் 80ஐ எடுத்து இன்னொரு நாட்டின் 70ஓடு ஒப்பிட்டால் கணக்கு பிழைத்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 2021 மே மாத இறுதியில் எங்கள் மாவட்டத்துக்கு முதல் தொகுதியாக சீனத் தயாரிப்பான சினோபார்ம் ஊசிகள் 50,000 வந்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் சுமார் 5 லட்சத்து 84 ஆயிரம் பேர். பிரித்துப் பாருங்கள், நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. பாடசாலை மண்டபங்களில் நீண்ட வரிசையைப் பார்த்து "ஊர் முழுக்கப் போடுது" என்று நாங்கள் நினைத்த நாட்கள் அவை.

இங்கே எங்களுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கிராம சேவகரின் பதிவில் பெயர் இருக்கும், ஆள் கொழும்பில் வேலை செய்வார், அல்லது கனடா போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட பெயர்களும் கீழே சேர்ந்தால் வீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மாறாக, வெளி மாவட்டத்தில் பதிந்தவர்கள் இங்கே வந்து போட்டிருந்தால் வீதம் கூடித் தெரியும். வெளிநாடு போன வீடுகள் நிறைந்த ஊரில் கீழ்த்தொகையைக் கேட்காமல் வீதத்தை நம்பக்கூடாது என்பது என் முடிவு.

மூன்றாவது படி: சராசரியை உடைத்துப் பாருங்கள்

ஒரு பயிற்சி. இரண்டு ஊர்கள், ஒவ்வொன்றிலும் 1000 பேர், அதில் 200 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இரண்டிலும் 700 பேருக்கு ஊசி போட்டாயிற்று. முதல் ஊரில் அந்த 200 முதியவர்களில் 190 பேர் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஊரில் 80 பேர்தான். இரண்டுக்கும் வீதம் 70தான். ஆனால் கொரோனா வந்தால் முதல் ஊரில் 10 முதியவர்கள் பாதுகாப்பில்லாமல் இருப்பார்கள், இரண்டாவதில் 120 பேர்.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா அந்த 120 பேரில் ஒருவராகத்தான் சந்தைக்குப் போனார். அதனால் எந்த அறிக்கை வந்தாலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் வீடு வீடாகப் போகிறவர்கள். எந்த ஒழுங்கையில் யார் போடவில்லை என்பது எந்த இணையத்தளத்தையும்விட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான்காவது படி: "ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்களாம்"

இந்த வசனம் வட்ஸ்அப்பில் எத்தனை பேரைக் குழப்பியது! ஊசி போட்டும் பயனில்லை என்று நினைத்து இரண்டாவது ஊசியைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். கொப்பியை எடுங்கள், இதை மெதுவாகப் போடுவோம்.

ஓர் ஊரில் 1000 முதியவர்கள். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். நோய் பரவி 18 பேர் வைத்தியசாலையில். அதில் 9 பேர் போட்டவர்கள், 9 பேர் போடாதவர்கள். சரிபாதி. செய்தி பொய்யில்லை.

இப்போது ஒவ்வொரு ஒன்பதையும் அதற்குரிய கூட்டத்தால் பிரியுங்கள். போட்டவர்களில் 900க்கு 9, அதாவது நூற்றுக்கு 1. போடாதவர்களில் 100க்கு 9, அதாவது நூற்றுக்கு 9. போடாதவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு. ஊசி இல்லாவிட்டால் அந்த 900 பேரில் 81 பேர் கட்டிலில் கிடந்திருப்பார்கள். 72 பேர் வீட்டிலேயே இருந்தது ஊசியால்தான். எல்லோரும் போட்ட ஊரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் எல்லோரும் போட்டவராகத்தான் இருப்பார், அதற்கு வேறு வழியே இல்லை.

இந்தக் கணக்கை நான் அந்த ஐயாவின் வீட்டு விறாந்தையில், அவருடைய பேத்தியின் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். 900க்கு 9 என்று எழுதியதும் பேனையை என் கையில் இருந்து வாங்கி, மற்றதைத் தானே பிரித்தார். அடுத்த கிழமை மகள் அவரை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனா.

ஐந்தாவது படி: அட்டையை வாசித்தல்

தடுப்பூசிக் கடவுச்சீட்டு என்று கொரோனாக் காலத்தில் பேசப்பட்டது புதிதாக வந்த விடயம் அல்ல. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் சர்வதேசத் தடுப்பூசிச் சான்றிதழை நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். 2016 யூலையிலிருந்து ஆயுள் முழுவதும் செல்லும். கொரோனா அட்டை அப்படி இல்லை. அதனால் எந்த அட்டையானாலும் மூன்று விடயம் பாருங்கள்: என்ன ஊசி, எத்தனை நாளைக்கு, யார் ஏற்கிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் யாழ்ப்பாணத்து வீடுகளை வாட்டியது. எங்கள் அம்மாவுக்கு இரண்டும் சினோபார்ம். உலக சுகாதார நிறுவனம் அதை 2021 மே 7ஆம் திகதியே அவசரப் பயன்பாட்டுக்கு ஏற்றது. ஆனால் பிரித்தானியா நவம்பர் 22இலும் கனடா நவம்பர் 30இலும்தான் ஏற்றன. அண்ணா ரொறொன்ரோவில். ஒக்டோபரில் அம்மா போயிருந்தால், இரண்டு ஊசி போட்ட கையோடு, போடாதவர் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள். கிடைத்த ஊசியை மறுக்காமல் போட்ட 74 வயது மனுசிக்கு இது நியாயமா? எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

செல்லுபடிக் காலமும் மாறிக்கொண்டே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றிதழ் 2021 யூலை 1இல் தொடங்கியது. 2022 பெப்ரவரியில் முதல் இரண்டு ஊசிக்கும் பயணத்துக்கு 270 நாள் என்று எல்லை வைத்தார்கள். 2023 யூன் 30உடன் அந்த ஏற்பாடே முடிந்தது.

சரி, உங்கள் அட்டையை எடுத்து வையுங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா, அடையாள அட்டை இலக்கம் சரியா, ஒவ்வொரு ஊசிக்கும் திகதியும் தொகுதி இலக்கமும் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அம்மாவின் அட்டையில் அடையாள அட்டை இலக்கத்தில் 5க்குப் பதில் 6. நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கையால் எழுதிய ஒருவரின் களைப்பு அது, குறை சொல்ல மனம் வராது. ஆனால் கியூ ஆர் குறியீடு உள்ள சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது பதிவு கிடைக்கவில்லை. திருத்த இரண்டு முறை அலைந்தோம். ஊசி போட்ட இடத்திலேயே, கதிரையை விட்டு எழும்ப முன் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

ஆறாவது படி: கதவு திறக்கும்போது எதைப் பார்ப்பது

வீதம் ஒரு கோட்டைத் தாண்டியதும் எல்லாம் திறக்கலாம் என்று ஒரு மாய எண் கிடையாது. தொற்று எவ்வளவு வேகமாகப் பரவுகிறதோ அவ்வளவு உயர்ந்த வீதம் தேவை. சின்னமுத்து (தட்டம்மை) ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர்வரை பரவக்கூடியது, அதற்கு 95 சதவீதம் வேண்டும். கொரோனா ஊசியோ கடும் நோயைத் தடுத்த அளவுக்குத் தொற்றைத் தடுக்கவில்லை. 2021 நவம்பர் இறுதியில் ஒமிக்ரோன் என்ற கொரோனாத் திரிபு வந்தபின் இது நன்றாகத் தெரிந்தது. கடை வாசலில் அட்டை கேட்பதற்கான வலுவான காரணமும் அத்தோடு தளர்ந்துபோனது. இலங்கையில் 2022 ஏப்ரல் 30 முதல் முழுமையாக ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்குள் வரக்கூடாது என்று வர்த்தமானி வந்தது. ஆனால் அந்த நாட்களில் நான் எரிபொருள் வரிசையில் நின்றேன். எந்த வாசலிலும் என்னிடம் ஒருவர்கூட அட்டை கேட்கவில்லை. ஊசி எல்லோருக்கும் எட்டாத காலத்தில் அட்டை கேட்பது அநியாயம், எட்டிய பிறகு தொற்றையும் தடுக்காதபோது கேட்பது வீண் என்றே நான் நினைக்கிறேன். முதியோர் இல்லம், வைத்தியசாலை விடுதி போன்ற இடங்கள் வேறு கதை.

தளர்வு அறிவித்தால் கொப்பியில் அந்தத் திகதியை எழுதி, மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வட்டம் போடுங்கள். தொற்றியவர் வைத்தியசாலைக்கு வர ஒன்று இரண்டு கிழமை எடுக்கும், அதனால் முதல் கிழமை அமைதியாக இருப்பதில் அர்த்தம் இல்லை. ஊசியும் அப்படித்தான், இரண்டாவது போட்டு 14 நாள் கழிந்தபின்னே முழுக் கணக்கில் சேர்த்தார்கள். வட்டமிட்ட நாளில் தொற்று எண்ணிக்கையை விட்டுவிட்டு, தீவிர சிகிச்சைக் கட்டில்களையும் முதியோர் வீதத்தையும் பாருங்கள். டென்மார்க்கும் செப்டெம்பரில் திறந்து, நவம்பரில் மறுபடி அட்டை கேட்டு, 2022 பெப்ரவரி 1இல்தான் திரும்ப விட்டது. எங்கள் பலாலி விமான நிலையம் 2020 மார்ச்சில் மூடியது, சென்னை விமானம் மறுபடி இறங்கியது 2022 டிசெம்பரில். திறப்பது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை.

ஏழாவது படி: இன்றே பழகுங்கள்

2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துவைத்தது, இனி இது எதற்கு என்று கேட்கலாம். அதே 2023இல்தான் இலங்கையில் சின்னமுத்து மறுபடி பரவியது. 2019இல் ஒழித்துவிட்டோம் என்று சான்றிதழ் வாங்கிய நோய்! 95க்குக் கீழே இருந்த சின்னச் சின்ன இடங்களில் அது நுழைந்தது. நாடு முழுவதற்குமான சராசரி நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது படியை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கிளினிக் அட்டையை எடுத்து, 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும், சின்னமுத்தைத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசிக்குத் திகதி விழுந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், பிந்தியும் போடலாம். அட்டை கிழிகிறதென்று லாமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அடுத்த ஊசியின் திகதியை அதில் பேனையால்தான் எழுதவேண்டும்.