நீல் யங்கின் 'டிரான்ஸ்' பாணியில் வோகோடர் குரல்: வீட்டுக் கணினியில் செய்வது எப்படி

கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகவே பேர் வாங்கியிருந்த கனடிய ராக் பாடகர் நீல் யங், 1982 டிசம்பர் கடைசியில் 'டிரான்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டார். அதிலுள்ள ஒன்பது பாட்டுகளில் ஆறில் அவர் குரல் இயந்திரக் குரலாக மாறியிருந்தது. சென்ஹைசர் வி.எஸ்.எம். 201 என்ற வோகோடரும் சின்கிளேவியர் என்ற டிஜிட்டல் சிந்தசைசரும் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) செய்த வேலை அது. அன்று எளிதில் கிடைக்காத அந்த வசதி இன்று ஒரு மைக்கும் ஒரு பிளக்-இன்னும் (இசை மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) இருந்தால் வீட்டிலேயே கிடைத்துவிடும். ரோபோ போல ஒலிக்கவைப்பது பத்து நிமிட வேலை. பாடுகிற சொல் கேட்பவருக்குப் புரியவைப்பதில்தான் நேரம் போகும். புரியாவிட்டால் எல்லோரும் முதலில் பிளக்-இன்னைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, குரல் பதிவிலோ சிந்தசைசர் ஒலியிலோ இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆட்டோ-டியூன் வேறு, இது வேறு. ஆட்டோ-டியூன் உங்கள் குரலின் சுருதியைத் திருத்துகிறது. வோகோடர் உங்கள் குரலை வெளியே விடுவதே இல்லை. குரலை இருபது முப்பது அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்த நொடியில் எவ்வளவு சத்தம் என்று மட்டும் அளக்கிறது. அந்த அளவுப்படி சிந்தசைசர் ஒலியின் அதே பட்டைகளை ஏற்றி இறக்குகிறது. குரலுக்கு மாடுலேட்டர் என்றும் சிந்தசைசர் ஒலிக்குக் கேரியர் என்றும் பெயர். காதில் விழுவது முழுக்கக் கேரியர்தான். ஆகவே மெட்டு கீபோர்டிலிருந்து வருகிறது, சொல் மட்டும் வாயிலிருந்து. சுருதி சுத்தமாகப் பாடத் தெரியாதவர்களும் தாராளமாக இறங்கலாம்.

குரல் பதிவு

மைக்குக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்தில் நில்லுங்கள், நடுவே பாப் ஃபில்டர் (வாய்க் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் திரை) இருக்கட்டும். 24 பிட்டில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும். ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் ஓடும் இசை மைக்கில் ஏறினால் அதையும் வோகோடர் குரல் என்றே எடுத்துக்கொள்ளும்.

மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாதாரணப் பதிவில் கண்டுகொள்ளாமல் விடும் 'ஸ்ஸ்' இரைச்சல், இங்கே சொற்களுக்கு நடுவே கேரியரை முணுமுணுக்க வைத்துவிடும். அறையின் எதிரொலியும் அப்படித்தான்: ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழும். செயற்கை எதிரொலியான ரிவெர்ப் வேண்டுமானால் எல்லாம் முடிந்த பிறகு போடலாம்.

மெட்டோடு பாட முயலாதீர்கள். தாளத்துக்குச் சரியாக, தாழ்ந்த குரலில், ஒரே சுருதியில் பேசுங்கள். தாழ்ந்த குரலில் ஓவர்டோன்கள் (அடிப்படைச் சுருதிக்கு மேலே கூடவே ஒலிக்கும் அலைவரிசைகள்) நெருக்கமாக இருப்பதால் வாயின் வடிவம் பட்டைகளில் முழுமையாகப் பதியும். உச்சஸ்தாயியில் பாடினால் ஓவர்டோன்களுக்கு நடுவே ஓட்டை விழும். சில பட்டைகளுக்கு ஒன்றுமே போய்ச் சேராது. உயிரெழுத்துகள் தானாக வந்துவிடும். மெய்யெழுத்துகளை மட்டும் நாடக மேடையில் சொல்வதுபோல் கொஞ்சம் மிகையாக அழுத்துங்கள்.

பதிந்த குரலுக்கு மூன்று வேலை, இந்த வரிசையில்: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர், இடைவெளிகளில் சத்தம் குறையும்போது ஒலியை அடைக்கும் கேட், உரத்த இடங்களை 4:1 விகிதத்தில், 6 முதல் 10 டெசிபல் வரை அமுக்கும் கம்ப்ரஸர். சாதாரணப் பாட்டுக்கு இந்தக் கம்ப்ரஷன் அதிகம். இங்கே சொல்லின் கடைசி எழுத்தும் முதல் எழுத்தளவு பலத்தோடு போக வேண்டும் என்பதால் தயங்க வேண்டாம்.

கேரியர்

முதல்முறை செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பின்னணியில் நீண்டு ஒலிக்கும் அழகான, மிருதுவான பேட் ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சொல் ஏன் கேட்கவில்லை என்று தவிப்பார்கள். கேரியரில் இல்லாத அலைவரிசையை வோகோடரால் உண்டாக்க முடியாது. தனியாகக் கேட்டால் காது கூசும் அளவுக்குப் பிரகாசமான ஒலிதான் இங்கே சரியான ஒலி.

சிந்தசைசரில் சா அலையில் (ரம்பப் பல் வடிவ அலை) இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது ஒலி உண்டாக்கும் பகுதிகள், எடுங்கள், ஒன்றின் சுருதியை 6 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்குங்கள். ஃபில்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஒலி எழுந்து அடங்கும் விதமான என்வலப் ஆர்கன் மாதிரி இருக்கட்டும்: அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், சஸ்டெயின் (கட்டையை அழுத்தியிருக்கும்போது நிற்கும் அளவு) முழு அளவு, ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்) 50 மில்லிசெகண்ட். கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாற்றும் வெலாசிட்டியை அணைத்துவிடுங்கள். சைன் அலை இங்கே எதற்கும் உதவாது. ஸ்கொயர் அலையில் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் (அடிப்படைச் சுருதியின் மடங்குகளில் ஒலிக்கும் அலைவரிசைகள்) இல்லாததால் குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். வேண்டுமென்றே அப்படிக் கேட்டால் வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஸ்தாயியில் வாசிக்கிறீர்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 100 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை 20 பட்டைகளாகப் பிரித்தால், 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். கேரியர் 110 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை வாசித்தால் அந்தப் பட்டைக்குள் இரண்டு ஹார்மோனிக்ஸ் விழும். சொல் தெளிவாக வரும். அதையே 440 ஹெர்ட்ஸில் வாசித்தால் ஒரு பட்டையில் விழுந்து அடுத்தது காலியாக நிற்கும். மேல் ஸ்தாயியில் மெட்டு வேண்டும் என்றால் அதே மெட்டை ஒரு ஆக்டேவ் கீழேயும் சேர்த்து வாசியுங்கள், அல்லது மூன்று ஸ்வரக் கார்டாக மாற்றுங்கள். காலிப் பட்டைகள் நிரம்பும்.

கடைசியாகக் கேரியரில் கொஞ்சம் ஒயிட் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த 'ஷ்ஷ்' இரைச்சல்) கலக்க வேண்டும், சா அலையை விட 15 முதல் 20 டெசிபல் குறைவாக. ச, ஸ, ஷ, ஃப போன்ற காற்றொலிகளுக்குச் சுருதி கிடையாது. நாய்ஸ் இல்லாவிட்டால் அவை இருந்த இடமே தெரியாது.

இணைப்பு

பெரும்பாலான மென்பொருட்களில் வோகோடரை ஒரு டிராக்கில் போட்டு, மற்ற டிராக்கை சைடுசெயின் (ஒரு டிராக்கின் ஒலியை இன்னொன்றின் பிளக்-இன்னுக்குள் கொடுக்கும் வழி) மூலம் அதற்குள் அனுப்ப வேண்டும். எது எந்தப் பக்கம் என்பது பிளக்-இன்னுக்குப் பிளக்-இன் மாறும். ஏபிள்டனின் வோகோடரைக் குரல் டிராக்கில் போட்டு, கேரியரை வெளியிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். லாஜிக்கின் ஈவாக் 20 பாலிசிந்த் தானே ஒரு சிந்தசைசர். குரல்தான் அதன் சைடுசெயினுக்குள் போகும். இலவசமான டால்-வோகோடரிலும் கேரியர் உள்ளேயே இருக்கிறது. அதில் 11 பட்டைகள்தான். பழகிப் பார்க்க நல்ல கருவி.

ஒன்றுமே கேட்கவில்லையா? குரலும் ஸ்வரமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று நின்றாலும் வெளியீடு நின்றுவிடும். அடுத்த சந்தேகம் மியூட் பட்டன். மூல டிராக்கை மியூட் செய்தால் சில மென்பொருட்களில் சைடுசெயினும் சேர்ந்து அடைபடும். மியூட்டைத் தொடாமல், அந்த டிராக் மாஸ்டருக்கு (எல்லாம் கலந்து வெளியேறும் டிராக்) போகும் வழியை மட்டும் துண்டியுங்கள்.

வோகோடர் அமைப்பு: தமிழுக்கு ஏற்றபடி

வி.எஸ்.எம். 201இல் 20 பட்டைகள். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். 40 வரை ஏற்றினால் சொல் தெளியும், ஆனால் அந்தக் காலத்து இயந்திரத்தனம் குறையும். எட்டு, பத்துக்குக் கீழே போனால் உயிரெழுத்துகளே ஒன்றோடொன்று கலக்கும்.

வோகோடரின் அட்டாக், அதாவது பட்டைகள் குரலோடு எழும் நேரம், 1 முதல் 3 மில்லிசெகண்ட். அதற்கு மேல் போனால் க், ட், ப் எல்லாம் மழுங்கிவிடும்.

அவை அடங்கும் நேரமான ரிலீஸைத்தான் நின்று கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பாட்டை மனதில் வைத்துச் சொல்லப்படும் அமைப்புகள் பல 100, 150 மில்லிசெகண்ட் என்று போகும். வழவழப்பாக, இனிமையாக இருக்கும். தமிழில் அது சரிப்படாது. 'பாடு' என்பதையும் 'பாட்டு' என்பதையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு ட் அடைபட்டு நிற்கும் அந்தச் சிறு மௌனத்துக்கு. ரிலீஸ் நீண்டால் முந்தைய உயிரெழுத்தின் வால் அந்த மௌனத்தை நிரப்பிவிடும், 'பாட்டு' 'பாடு'வாகிவிடும். 20 முதல் 35 மில்லிசெகண்டில் வையுங்கள். அதையும் விடக் குறைத்தால் கேரியர் கரகரவென்று நடுங்கும். நடுக்கம் கேட்டால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

அடுத்த தொல்லை ழகரம். ழ சொல்லும்போது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு (வாயின் வடிவத்தால் பலப்படும் அலைவரிசை) சரிந்து இரண்டாவதன் அருகே வந்துவிடுகிறது. பட்டைகள் அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்; ல, ள, ழ மூன்றும் ஒரே மாதிரி கேட்கும். சில வோகோடர்களில் பட்டைகளைத் தனித்தனியே நகர்த்தவோ மேல், கீழ் எல்லையை மாற்றவோ முடியும். மேல் எல்லையை 8,000லிருந்து 6,000க்கு இறக்கினால், அதே 20 பட்டைகள் பேச்சு நடக்கும் பகுதியில் நெருங்கி உட்காரும். இழக்கும் உச்சப் பகுதியை அடுத்துச் சொல்லும் முறையில் ஈடுகட்டலாம்.

சோதித்துப் பார்க்க வேறு வரி தேட வேண்டாம். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்' என்று பேசி ஓடவிடுங்கள். ழ, ல, க், ப், த் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. வரியைத் தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மனப்பாடம் என்பதால் உங்கள் காதை நம்ப முடியாது.

வெளியே வந்த பிறகு

குரல் பதிவின் ஒரு நகலை எடுத்து, 5,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதையும் வெட்டி, வோகோடர் ஒலியை விட 10 முதல் 14 டெசிபல் குறைவாகச் சேருங்கள். ச-வும் ஸ-வும் திரும்பி வந்துவிடும். உங்கள் இயற்கைக் குரல் அடையாளம் தெரியாது, ஏனென்றால் சுருதி இருக்கும் பகுதி அதில் இல்லை. வோகோடர் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் 'ஸ்' இரண்டாகக் கேட்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நகலை அதே அளவு பின்னுக்குத் தள்ளுங்கள்.

300 ஹெர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபல் குறைத்து, 2,500ஐச் சுற்றி 2 டெசிபல் கூட்டுங்கள். கோரஸ் (பலர் சேர்ந்து ஒலிப்பதுபோல் ஒலியைத் தடிப்பாக்கும் எஃபெக்ட்) லேசாக, பிளேட் வகை ரிவெர்ப் ஒரு செகண்டுக்குச் சற்று மேலே. ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கும் டிலே போட்டால் அதைப் பாட்டின் வேகத்துக்குப் பூட்டிவிடுங்கள்.

பின்னணியில் இன்னொரு சா அலைப் பேட் ஓடினால் குரல் அதற்குள் கரைந்துவிடும், இரண்டும் ஒரே ஜாதி ஒலி என்பதால். பேடை எடுத்துவிட்டு டிரம் மெஷின், பேஸ், ஒரு கிட்டார் என்று விட்டுப் பாருங்கள். 'டிரான்ஸ்' ஆல்பத்திலும் கிட்டாருக்கு இடம் இருக்கிறது.

கடைசியில் மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாகக் கலந்த ஒற்றை ஒலி) ஒருமுறை ஓடவிடுங்கள். கோரஸ் அதிகமாகியிருந்தால் மோனோவில் குரல் சட்டென்று மெலியும். அப்போது கோரஸைக் குரலின் மேல் நேரடியாகப் போடாமல், தனி டிராக்குக்கு அனுப்பி அங்கிருந்து கலந்துகொள்ளுங்கள்.