காஞ்சியில் தொடங்குங்கள்: வாதாபி, பட்டடக்கல், ஹம்பிக்கு ஐந்து நாள் பயணம்

சாளுக்கியர் தலைநகரான வாதாபிக்கு, அதாவது இன்றைய கர்நாடகத்துப் பாதாமிக்கு, போக விரும்புகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்திலிருந்தே சக ஆசிரியைகளையும் அவர்கள் வீட்டாரையும் இந்தப் பாதையில் அழைத்துப் போகிறேன். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கைலாசநாதர் கோயிலில் கூட்டிவிடுவேன். ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்தக் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்று உள்ளே வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவர்ந்து செல்லாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அது. பகை நாட்டு அரசன் நம் ஊர்க் கோயிலில் விட்டுச்சென்ற அந்த வரிகளைப் பார்த்துவிட்டுப் போனால்தான், கர்நாடகத்தில் காணப்போகும் கற்கள் யாருக்கு என்ன பதில் சொல்கின்றன என்பது பிடிபடும்.

பயண நிறுவனங்கள் தரும் திட்டத்தை வாங்கியதும் ஒரு வரியைத் தேடுங்கள்: பாதாமிக்கு அருகே சாளுக்கியர் கோயில்கள் உள்ள பட்டடக்கல்லும் ஐஹொளெயும் எந்த நாளில் இருக்கின்றன? இரண்டும் ஒரே பிற்பகலில் அடைக்கப்பட்டிருந்தால் அந்தத் திட்டத்தை ஏற்காதீர்கள். ஹம்பிக்கு ஒரே நாள் என்றாலும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் நீங்களே ஒரு வேன் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் வழிகாட்டியை வைத்துக்கொள்வது மேல். சென்னையிலிருந்தே உடன் வரும் வழிகாட்டிக்கு ஐந்து ஊரும் மேலோட்டமாகத் தெரியும். பாதாமியில் பிறந்தவருக்கு எந்தச் சிற்பத்தின் மேல் எந்த நேரத்தில் வெயில் விழும் என்பதுவரை தெரியும்.

வழிகாட்டியைத் தொலைபேசியில் அமர்த்தும்போது, சுற்றுலாத் துறை தந்த அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அதன்பின் இரண்டு கேள்விகள்: ஐஹொளெயில் மேகுடி குன்றின்மேல் ஏற்றிக் காட்டுவீர்களா? பாதாமியில் தெக்கின ஈரப்பா கோயிலின் பின்புறப் பாறைக்கு அழைத்துப் போவீர்களா? இரண்டுக்கும் தயங்காமல் ஆம் என்பவரே நமக்கு வேண்டியவர். பேசுவது பெரும்பாலும் கன்னடம், இந்தி, ஆங்கிலமாக இருக்கும். குழுவில் வயதானவர்கள் இருந்தால், ஒரு சன்னிதி முடிந்ததும் சற்று நிறுத்தச் சொல்லி, நம்மில் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்ல நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டிகள் இதை மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள்.

காலம் நவம்பர் முதல் பிப்ரவரிவரை. மார்ச் பிறந்துவிட்டால் அந்தப் பாறைப் பூமியில் பகலில் நடக்க முடியாது. பெங்களூரிலிருந்து ஹுப்ளி வழியாகப் பாதாமிக்கு இரவு ரயில் உண்டு. நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையைக் கவனியுங்கள். பாதாமி, ஐஹொளெ, ஹம்பியை ஒட்டிய கமலாபுரம் ஆகிய மூன்று ஊர்களின் தொல்லியல் அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை.

முதல் நாள் பாதாமியின் நான்கு குடைவரைகளுக்கும் அகஸ்தியர் தீர்த்தம் என்ற ஏரிக்கும். முதல் குடைவரையின் வாசலிலேயே பதினெட்டுக் கைகளோடு ஆடும் நடராசர். மூன்றாவதுதான் பெரியது. சாளுக்கிய இளவரசன் மங்களேசன் கி.பி. 578இல் வெட்டுவித்த கல்வெட்டு அங்கே இருப்பதால் அதன் வயது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அனந்தன்மேல் அமர்ந்த திருமாலையும் திரிவிக்கிரமனையும் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். தூண்களின் மேலே தாங்கிகளாக நிற்கும் ஆண் பெண் இணைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாமல்லபுரத்துக் கருங்கல்லில் உளி தொட்டுப் போன இடத்தில், இங்கே செம்மணற்கல்லில் நகையும் கூந்தலும்வரை இழைத்திருக்கிறார்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு வேண்டும். கல்வெட்டின் மேல் நேராக ஒளி அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழும்பி நிற்கும். தின்பண்டப் பையைக் கையில் வைத்திருக்க வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும். மாலை வெயிலுக்கு ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள பூதநாதர் கோயிலில் இருங்கள்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். காலை உணவை முடித்ததும் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஐஹொளெக்குப் புறப்படுங்கள். எல்லோரும் வேனை நிறுத்தியதும் துர்க்கை கோயிலுக்குள் நுழைவார்கள். நீங்கள் வெயில் ஏறுமுன் மேகுடி குன்றில் ஏறிவிடுங்கள். மேலே இருப்பது சமணக் கோயில். அதன் வெளிச்சுவரில் புலவர் இரவிகீர்த்தி 634ஆம் ஆண்டில் பொறித்த வடமொழிக் கவிதை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வடநாட்டுப் பேரரசன் ஹர்ஷனை வென்றதைப் பாடுகிறது. பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒடுங்கவைத்ததையும் பாடுகிறது. வடமொழிக் கவிகள் காளிதாசன், பாரவி பெயர்களும் அதில் வருகின்றன. காஞ்சிக்காரியான நான் ஒவ்வொரு முறையும் அந்தக் காஞ்சி வரியை வழிகாட்டியிடம் விரலால் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். பிறகு இறங்கி, துர்க்கை கோயிலின் வளைந்த பின்புறச் சுற்றையும், லாட்கான் கோயிலையும், ராவணபடி குடைவரையையும் நிதானமாகப் பாருங்கள். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அன்று மாலையே பாதாமிக்குத் திரும்பி, ஈரப்பா கோயிலின் பின்புறப் பாறைக்குப் போங்கள். இரவிகீர்த்தி பாடிய எட்டே ஆண்டுகளில், 642இல், நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைப் பிடித்தான். அந்த வெற்றிக்குப் பின் பொறித்த கல்வெட்டு இந்தப் பாறையில் சிதைந்த நிலையில் இருக்கிறது. காலையில் புலிகேசியின் பெருமிதம், மாலையில் அவன் தலைநகரிலேயே அவன் எதிரியின் பெயர். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வாதாபிப் போருக்குப் போன கதையை அந்தப் பாறையின் அருகே குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். வகுப்பறையில் ஒரு மணி நேரம் சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

மூன்றாம் நாள் காலை பட்டடக்கல், 22 கிலோமீட்டர். மலப்பிரபா ஆற்றங்கரையில் வடநாட்டுப் பாணிச் சிகரமும் நம் விமானமும் ஒரே வளாகத்தில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. சங்கமேசுவரர், கலகநாதர் கோயில்களைப் பார்த்தபின் விரூபாட்சர் கோயிலுக்கு வாருங்கள். விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றியைக் கொண்டாட எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியது இது. அதைச் சுற்றி வரும்போது குழுவில் யாராவது ஒருவர், “இது நம் கைலாசநாதர் மாதிரியே இருக்கிறதே” என்பார். அதைக் கேட்கத்தான் காஞ்சியிலிருந்து தொடங்கச் சொன்னேன். கட்டிய தலைமைச் சிற்பி குண்டனின் பெயரையும், அவனுக்கு அளித்த அநிவாரிதாசாரி என்ற பட்டத்தையும் கல்வெட்டு சொல்கிறது. சிற்பியின் பெயரைக் காப்பாற்றி வைத்த கோயில்கள் குறைவு. அந்த எழுத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இங்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

மதிய உணவுக்குப் பாதாமிக்கு அருகிலுள்ள பனசங்கரி கோயிலுக்கு வாருங்கள். அங்கே வீட்டிலிருந்து சமைத்துக்கொண்டு வந்து விற்கும் பெண்கள் இருப்பார்கள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னி, கெட்டித் தயிர். உணவகத்தில் கிடைக்காத சுவை. கோயிலெதிரே இருக்கும் பெரிய குளத்தையும் பார்த்துவிட்டு, ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டைக்குக் கிளம்புங்கள். நான்கு மணி நேரமாகும். சற்றுச் சுற்றானாலும் இல்கல் வழியாகப் போகச் சொல்லுங்கள். உடல் பகுதிப் பாவோடு முந்தானைப் பாவைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பிணைக்கும் இல்கல் புடவை நெசவை, நெசவு ஊரிலிருந்து வருகிற எங்களால் பார்க்காமல் போக முடிவதில்லை.

ஹம்பியைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். விட்டலர் கோயில், தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் உள்ள அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் அதே நாளில் ஒரே டிக்கெட் செல்லும். ஆகவே அவற்றை நான்காம் நாளில் சேர்த்து வையுங்கள். விட்டலர் கோயிலுக்கு வேன் போகாது, பேட்டரி வண்டியில் போக வேண்டும். இசைத் தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். தட்டித் தட்டித்தான் அவை தேய்ந்தன. ஐந்தாம் நாள் விடியலில் மதங்க மலை, பிறகு ஹேமகூடம், விரூபாட்சர் கோயில். கோபுரத்தின் நிழல் சிறு துளை வழியாகச் சுவரில் தலைகீழாக விழும் அறையைக் கேட்டுப் பாருங்கள். கடைசியாகக் கிருஷ்ணர் கோயில். உதயகிரிக் கோட்டையை வென்ற கிருஷ்ணதேவராயர் அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலைக்காகக் கட்டியது. கருவறை இப்போது வெறுமையாக இருக்கிறது. அந்தச் சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பிய வாரத்திலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை.